டவரடியில் மதியச் சோறு

தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் அதைப் புகை என்றுதான் சொல்வார்கள். ஒரகடம் சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "எம்மாம் புகை பாரு, ஊரையே கெடுக்கிறானுங்க" என்று திட்டியதை நானே பக்கத்து சீட்டிலிருந்து கேட்டிருக்கிறேன். எனக்குச் சுர்ரென்று வரும். அது புகை இல்லை ஐயா, தண்ணீர். இறங்கி வந்து பாருங்கள் என்று கத்தத் தோன்றும். கத்தியதில்லை.

வல்லம் வடகாலில், கார்களுக்குப் பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கும் கம்பெனி ஒன்றில் நான் யூட்டிலிட்டி ஆபரேட்டர். வார்க்கும் மெஷின்களைக் குளிர்விக்கப் போகும் தண்ணீர் சூடாகித் திரும்பி வரும். அதை உயரத்திலிருந்து மழை மாதிரி கொட்டவிட்டு, மேலே ஒரு பெரிய ஃபேன் காற்றை இழுக்க, தண்ணீர் ஆறிக் கீழே தொட்டியில் விழும். அதுதான் கூலிங் டவர். ஃபேன் இழுக்கும் காற்றோடு கொஞ்சம் தண்ணீர் பொடிப்பொடியாகப் பறந்து வெளியே போகும். பஸ்ஸில் போகிறவர்கள் திட்டுவது அதைத்தான். அந்தத் தொட்டித் தண்ணீரில் பாசி பிடிக்காமல், கிருமி சேராமல் மருந்து விட வேண்டும். அதற்கு மூலையில் ஒரு சின்ன டோசிங் பம்ப், முழங்கால் உயரம்தான் இருக்கும். இரவும் பகலும் டக், டக் என்று சொட்டுச் சொட்டாக மருந்து விட்டுக்கொண்டிருக்கும். அது ஓடுகிறதா என்று ஷிஃப்டுக்கு இரண்டு தடவை பார்த்து ரிஜிஸ்டரில் எழுதுவது என் வேலை.

டவரடியில் நிழல் உண்டு. அங்கேதான் அக்கா மதியம் உட்கார்ந்து சாப்பிடுவார். காண்ட்ராக்டில் பெருக்கும் வேலைக்குச் சேரப்பணஞ்சேரியிலிருந்து வருகிறவர். ஐம்பதைத் தாண்டிய வயது. கம்பெனியில் மேனேஜரிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் அக்காதான். நான் திருநெல்வேலியிலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாபா தின்னவேலி, கேன்டீன்ல அந்த ரப்பர் சப்பாத்தியவா துன்னப் போற? ஒக்காரு."

"வேண்டாம்க்கா, ஒங்களுக்குப் பத்தாது."

"பத்தாதுன்னு நான் சொன்னனா? ரெண்டு டப்பா கட்டிக்கினு வந்துகீறன். ஒண்ணு எனுக்கு. ஒண்ணு இந்தச் சோத்துக்குச் செத்தவனுக்கு."

அன்று முள்ளங்கி சாம்பாரும் நெத்திலிக் கருவாடும். அதற்குப் பிறகு இரண்டு வருடம், ஷிஃப்ட் ஒத்துப்போகிற நாளெல்லாம் நான் அவர் சோற்றைத்தான் தின்றேன். ரூமில் நாங்கள் ஆறு பேர், ஒருவனுக்கும் சமைக்கத் தெரியாது. பதிலுக்கு அவருக்கு நான் என்ன கொடுத்தேன் என்று யோசித்துப் பார்த்தால், ஊருக்குப் போய் வந்தபோது ஒரே ஒரு தடவை கருப்பட்டி மிட்டாய். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அவ்வளவுதான். சாப்பிட்டு முடித்ததும் அவர் முகத்தை மேலே தூக்கி, டவரிலிருந்து இறங்கும் சாரலில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "ஏசி காத்து. ஆபீசருங்களுக்கு மட்டுந்தானா?" என்பார்.

தண்ணீர் மருந்து சப்ளை செய்யும் கம்பெனியிலிருந்து மாதம் ஒருமுறை ஒரு பெண் வந்து சாம்பிள் எடுத்துப் போவார். மைக்ரோபயாலஜி படித்தவர். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர், ஆனால் என்னைச் சார் என்றுதான் கூப்பிடுவார். ஒரு நாள் எங்கள் ஆபரேட்டர்களுக்கு அவர்கள் லேபில் ட்ரெய்னிங் என்று சொல்லி, மணிமங்கலம் போகிற வழியில் இருந்த ஒரு மாடிக் கட்டடத்துக்கு என்னை அனுப்பினார்கள். போண்டாவும் டீயும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்றுதான் போனேன். அந்தப் பெண் என்னை மைக்ரோஸ்கோப் முன்னால் உட்காரவைத்து, "பாருங்க சார்" என்றார்.

கலங்கலாக ஒன்று நகர்ந்தது. அதற்குக் கை இல்லை, கால் இல்லை. தன் உடம்பையே ஒரு பக்கம் நீட்டி, மற்றதை அதற்குள் இழுத்துக்கொண்டு போனது. அமீபா. தொட்டியில் வாழ்வது, கிருமிகளை விழுங்கித் தின்பது.

"நல்ல பிராணிதானே" என்றேன்.

"நல்லதுதான் சார். இதோட வயித்துக்குள்ள பாருங்க."

நீர்க்குமிழி மாதிரி ஒரு பை தெரிந்தது. அந்தப் பைக்குள் பொடிப்பொடியாக என்னவோ கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு கணம்கூட நிற்கவில்லை. அமீபாவோ ஒன்றும் ஆகாதது போல மெதுவாக இரை தேடிப் போய்க்கொண்டிருந்தது.

"லெஜியோனெல்லான்னு ஒரு கிருமி இப்படித்தான் குடியிருக்கும்" என்றார் அவர். "அமீபா அதைச் சாப்பிடணும்னுதான் முழுங்குது. ஆனா செரிக்க முடியாது. உள்ள போன உடனே அந்தப் பை மேல அமீபாவோட சொந்தச் சவ்வையே எடுத்துப் போத்திக்கும். வெளிய இருந்து பாத்தா வீட்டுச் சாமான் மாதிரியே இருக்கும். அதனால அதைச் செரிக்கற சரக்கு அந்தப் பக்கமே வராது."

"சரி, உள்ள ஒளிஞ்சுக்கிட்டாச்சு. சாப்பாட்டுக்கு என்ன பண்ணும்?"

அவர் சிரித்தார். "அதுதான் சார் விஷயமே. உங்க கம்பெனில ரிஜெக்ட் ஆன பீஸுக்குச் சிவப்பு டேக் கட்டுவீங்க இல்ல?"

கட்டுவோம். சிவப்பு டேக் விழுந்த பாகம் நேராகக் கிரைண்டருக்குப் போகும். பொடியாக அரைத்து, மறுபடி உருக்கி வேறு பாகம் வார்ப்போம். எந்தப் பாகத்துக்கு டேக் விழுந்தாலும் கிரைண்டர்க்காரன் கேள்வி கேட்க மாட்டான்.

"செல்லுக்குள்ளயும் அதே மாதிரி டேக் உண்டு, கிரைண்டரும் உண்டு. பழசான புரதத்துக்கு டேக் கட்டி அரைச்சுடும். இந்தக் கிருமி என்ன பண்ணும்னா, நல்லா இருக்கற புரதத்துக்கெல்லாம் டேக் கட்ட வெச்சுடும். செல் தன்னோட கிரைண்டர்ல தன்னையே அரைக்கும். அரைச்சா வர்ற அமினோ அமிலம் இருக்கே, அதுதான் இதுக்குச் சாப்பாடு. அதுல ஒரு சத்து இதுக்குச் சொந்தமா செஞ்சுக்கவே தெரியாது. வாங்கித்தான் தின்னும்."

"அமீபாவுக்கு ஒண்ணுமே தெரியாதா?"

"அது வேலை பாத்துக்கிட்டே இருக்கும் சார். உள்ள தின்ன எதுவும் இல்லைங்கற நிலைமை வந்ததும் இதுக்கு வால் முளைக்கும். செல்லை உடைச்சிக்கிட்டு வெளிய வந்து அடுத்ததைத் தேடும்."

மனுஷனுக்கு வருமா என்று கேட்டேன். நம் நுரையீரலிலும் தூசியையும் கிருமியையும் விழுங்கிக் காவல் காக்கிற செல்கள் இருக்கின்றனவாம். சாரலோடு கிருமி உள்ளே போனால் அவை விழுங்கும். கிருமிக்கு வித்தியாசமே தெரியாது. "அது மனுஷனைத் தேடி வரல சார். அதுக்கு நுரையீரலும் ஒரு தொட்டிதான்" என்றார். மருந்து ஒழுங்காக விழுந்தால் பயமில்லை, வெதுவெதுப்பான தண்ணீரை மருந்தில்லாமல் நாலு நாள் நிற்கவிட்டால்தான் ஆபத்து என்று மூன்று தடவை சொன்னார். மூன்று தடவை தலையாட்டினேன். அன்றைக்கு ரூமில் தட்டைத் தொடவே முடியவில்லை. எனக்குள்ளும் எவனாவது டேக் கட்டிக்கொண்டிருக்கிறானோ என்று வயிற்றைத் தடவிப் பார்த்தேன். மறுநாள் மதியம் அக்கா டப்பாவைத் திறந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

பிறகு ஆயுத பூஜை வந்தது. எங்கள் கம்பெனியில் அது பெரிய திருவிழா. மெஷின்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, எல்லாவற்றையும் அணைத்து ஓய்வு கொடுப்பார்கள். அந்த வருடம் விடுமுறையும் ஞாயிறும் சேர்ந்து நாலு நாள் லீவு. அக்கா சர்ச்சுக்குப் போகிறவர், ஆனாலும் காலையிலிருந்து தரை கழுவி, கோலம் போட்டு, பொரிப் பொட்டலம் கட்டி ஓடிக்கொண்டே இருந்தார். "பொரிக்கு இன்னாபா மதம்?" என்றார் வாயில் ஒரு பிடி போட்டுக்கொண்டு. பெரிய பம்புகளுக்கெல்லாம் மாலை போட்டு முடித்தபோது ஒரு செவந்தி மாலை மிஞ்சியது.

"அந்தச் சின்னதுக்கும் போடுபா. பாவம், அதுவும் நாள் பூராத் தட்டிக்கினே கீது."

டோசிங் பம்பைத்தான் சொன்னார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அந்தப் பம்ப் எப்போதும் ஓட வேண்டியது, அதற்கு லீவே கிடையாது என்று எனக்குத் தெரியும். ஆனால் பூஜை போட்ட மெஷினை ஓடவிடுவதா? கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஸ்விட்சை அணைத்தேன். கொத்தாக இருந்த மாலையை இரண்டு சுற்றாகச் சுற்றினேன். ஓடும்போது எரியும் அதன் பச்சை விளக்கு பூவுக்குள் மறைந்துபோயிற்று.

லீவு முடிந்து திறந்த அன்று கற்பூரம் காட்டி, பூசணி உடைத்து, பெரிய பேனலை ஆன் செய்தோம். தண்ணீர் சுற்றியது, ஃபேன் ஓடியது, சாரல் பறந்தது, எல்லோரும் கை தட்டினோம். மூலையில் இருந்த சின்னப் பம்புக்குத் தனி ஸ்விட்ச். பூஜைப் பூ தானாக உதிரும்வரை அதை யாரும் எடுப்பதில்லை என்பது எங்கள் பழக்கம். மாலை அப்படியே கிடந்தது. நான் மாலையைப் பார்த்தேன், விளக்கைப் பார்க்கவில்லை. ரிஜிஸ்டரில் முதல் நாள் "ஓடுகிறது" என்று எழுதினேன். அடுத்தடுத்த நாட்களுக்கு அதன் கீழே இரண்டு சின்னக் கோடு, டிட்டோ. டக், டக் என்ற சத்தம் இல்லாததுகூட என் காதுக்கு உறைக்கவில்லை. கேட்டுக் கேட்டுப் பழகிய சத்தம் நின்ற பிறகும் கேட்டுக்கொண்டே இருக்கும்போல.

அந்த நாட்களிலும் நாங்கள் இருவரும் டவரடியில்தான் சாப்பிட்டோம். கம்பெனி திறந்த ஆறாம் நாள் அக்கா, "ஒடம்பு அடிச்சிப் போட்டா மாறி கீதுபா" என்று தன் டப்பாவையும் என் பக்கம் தள்ளினார். தின்றேன். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை.

ஒன்பதாம் நாள் காலை, காய்ந்த மாலையின் நார் அறுந்து தரையில் விழுந்தது. பின்னால் விளக்கு இருட்டாக இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தொட்டியை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. சுவரைத் தடவியபோது விரலில் வழவழவென்று ஒட்டியது. மாஸ்க் கட்டிக்கொண்டு ஃபேனை நிறுத்தி, ஒரு பாட்டிலில் தண்ணீரைப் பிடித்து வைத்துவிட்டு, மருந்தை அள்ளிக் கொட்டினேன். லேப் பெண்ணுக்குப் போன் செய்து அந்தச் சாம்பிளை எடுத்துப்போக வரச் சொன்னேன். கம்பெனிக்குக் கொடுக்கும் ரிப்போர்ட்டில் காரணம் என்று கேட்ட இடத்தில் "பம்ப் பழுது" என்று என் கையாலேயே எழுதினேன்.

அக்காவைத் தாம்பரம் பக்கத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகக் கூடப் பெருக்குகிறவர்கள் சொன்னார்கள், சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து அங்கே போனேன். அவருடைய ஒரே மகள் வாசலில் நின்றாள். பக்கத்துக் கம்பெனியில் லைனில் வேலை பார்ப்பவள், யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை.

"நிமோனியாவாம்ண்ணே. ரெண்டு நாளா ஊசி போட்டுக்கினே கீறாங்க, காய்ச்சல் எறங்கவே மாட்டுது. யாரையும் அடையாளம் தெர்ல."

உள்ளே அக்கா ஆக்சிஜன் மாஸ்க்கோடு படுத்திருந்தார். கண் திறந்திருந்தது, பார்வை என்னைத் தாண்டி எங்கோ போனது. அவருடைய வலது கை மட்டும் போர்வையின் மேல் இடமும் வலமும் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. பெருக்கிக்கொண்டிருந்தார். ஒரு வரிசை முடித்துக் கையைத் தூக்கி அடுத்த வரிசை வைத்தார். மாஸ்க்குக்குள்ளிருந்து "துன்னியாபா?" என்றார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. திரும்பவும் "துன்னியாபா?" என்றார். கை வேலையை நிறுத்தவே இல்லை. எனக்கு அந்த அமீபாவின் ஞாபகம் வந்தது.

அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, இருந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும். பயம், வேறொன்றுமில்லை. ரிஜிஸ்டரில் எட்டு நாள் "ஓடுகிறது", என் கையெழுத்து. எல்லா நிமோனியாவும் டவரிலிருந்தா வருகிறது என்று எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்தேன். அடுத்த நாளும் வாயைத் திறக்கவில்லை. அன்று முழுக்கச் சோற்றைப் பார்த்தாலே "துன்னியாபா" என்று காதில் விழுந்தது.

மூன்றாம் நாள் லேப் பெண் போன் செய்தார். இந்தக் கிருமியைக் கரி கலந்த கறுப்புத் தட்டில், அதற்கு வேண்டிய சத்தும் இரும்பும் போட்டு வளர்ப்பார்களாம். சில புள்ளிகள் இப்போதே முளைத்துவிட்டன என்று படம் அனுப்பினார். கறுப்பில் கண்ணாடித் தூள் மாதிரி மினுங்கின. அழகாக இருந்தன, சனியன்கள். "யாருக்காவது காய்ச்சல் இருக்கா சார்?" என்றார். சொன்னேன். அவர் குரலே மாறிவிட்டது. "சாதாரணமா போடற ஊசி மருந்து பலது செல்லுக்கு வெளியவே நின்னுடும் சார். இது உள்ள உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருக்கு. உள்ள போற மருந்து வேற. டாக்டர்கிட்ட கூலிங் டவர்ன்னு ரெண்டு வார்த்தை சொல்லுங்க. இப்பவே போங்க."

ஷிஃப்டை விட்டுவிட்டு ஓடினேன். டாக்டரை வராந்தாவில் மறித்து, "அவங்க கூலிங் டவருக்கு அடியில உக்காந்து சாப்பிடுதவங்க சார். அந்தத் தண்ணில கிருமி இருக்கு" என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "ஏன்யா, இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"இப்பத்தான் சார் தெரிஞ்சது."

மகள் பக்கத்திலேயே நின்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மூத்திரப் பரிசோதனையில் அதே கிருமி என்று வந்தது. மருந்தை மாற்றினார்கள். மூன்று நாள் கழித்து நான் உள்ளே போனபோது அக்காவின் கை அசையாமல் கிடந்தது. போய்விட்டார் என்றே நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்.

அவர் வீடு திரும்ப மூன்று வாரம் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண்டிப்பாக வர வேண்டும் என்று சேரப்பணஞ்சேரிக்குக் கூப்பிட்டார். சர்ச்சிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் ஹால் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். அக்கா பாதியாக இளைத்திருந்தார். நாலு எட்டு வைத்தால் நின்று மூச்சு வாங்கினார். இனி பெருக்கும் வேலைக்குப் போக முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஆனாலும் மீன் குழம்பை அவரேதான் வைத்தாராம்.

"இந்தப் புள்ளதான்" என்று எல்லோருக்கும் என்னைக் காட்டினார். "இவன் மட்டும் வாயத் தொறந்து சொல்லலன்னா நான் இந்நேரம் போட்டோல தொங்கிக்கினு இருப்பேன். டாக்டரே சொன்னாரு. ரெண்டு வருசம் சோறு போட்டேன், உசுர குடுத்துட்டான்."

ஒரு பெரியவர் எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார். மகள் இலை போட்டாள். இப்போது சொல்லாவிட்டால் எப்போதுமே சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது.

"அக்கா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தச் சின்னப் பம்பு இருக்கில்லா, நீங்க மாலை போடச் சொன்னீயளே..."

"அட, கம்பெனிப் பேச்ச அப்பால வெச்சிக்க. மொதல்ல துன்னு." குனிய முடியாமல், ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, பெரிய வஞ்சிரத் துண்டாகப் பார்த்து என் இலையில் வைத்தார். அப்புறம் எதிரிலேயே உட்கார்ந்து, மூச்சு இளைக்க, நான் வாயில் வைப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

குழம்பு நன்றாக இருந்தது. இரண்டாம் தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.